இரண்டாவது ஹெட்போன்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இந்த முதலாண்டு நினைவு மலரின் அட்டையில் அக்கா ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து உங்களில் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். நெற்றி நிறைய திருநீறும் பட்டுப்புடவையுமாக வேறொரு படம் வீட்டில் இருக்கிறது. அதைத்தான் போட வேண்டும் என்று தம்பி மல்லுக்கு நின்றான். அந்தப் படத்தில் அக்கா போட்டோக்காரருக்காக நிற்கிறார் என்று நான் சொன்னேன். வீட்டில் எப்போதும் போல என் வாய்தான் வென்றது.

அக்கா மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா தமிழாசிரியர். மாலையில் கூடத்தில் தெருப் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு எடுப்பார். அந்தக் கூடத்தில் சினிமாப் பாட்டுக்கே இடம் கிடையாது. அக்காவுக்கு இருபது வயதுகூட நிறையாதபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பள்ளிக்கூட வேலை போயிற்று; கூடத்து வகுப்பை மட்டும் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே நடத்தினார். படிப்பை நிறுத்திவிட்டு அக்கா தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் ஆபரேட்டராகச் சேர்ந்தார். என் படிப்பும் தம்பியின் படிப்பும், பிறகு எங்கள் இருவருடைய கல்யாணமும் அவருடைய உழைப்பில்தான் நடந்தன. அவருடைய கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்று அம்மாவிடம் சொல்வார். ஒரு கட்டத்தில் அம்மாவும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. காதில் ஹெட்போன், எதிரே பலகை முழுக்கத் துளைகள். மதுரைக்காரரையும் மெட்ராஸ்காரரையும் ஒயரைச் செருகி இணைத்துவிட்டு, "பேசுங்க சார்" என்று சொல்லி விலகிவிட வேண்டும். "அவங்க பேச ஆரம்பிச்சதும் நாம அங்க இருக்கக் கூடாது, அதான் என் உத்தியோகம்" என்று அக்கா சிரிப்பார். எனக்கு அது சிரிப்பாக இருந்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவர் டோரீன் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண். எழுபதுகளின் கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு அக்காவை வேப்பேரியில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். கூடத்தில் மேசை நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ரெக்கார்டு போட்டார்கள். அதுதான் அக்கா கேட்ட முதல் டிஸ்கோ. டிரம் ஒரே சீராக அடித்துக்கொண்டே போக, மேலே வயலின்கள் கூட்டமாக வந்து சேரும் என்று வீட்டுக்கு வந்து கை ஆட்டிக் காட்டினார். நான் அப்பாவுக்குக் கேட்கப்போகிறது என்று கதவைச் சாத்தினேன்.

டோரீனின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஒரு வாக்மேன் அனுப்பியிருந்தார். அதில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் நின்று இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்கலாம். எங்கள் வீட்டுக்கு அந்தக் கருவி கடவுள் கொடுத்த வரம். தேவார வகுப்பு ஒரு பக்கம் நடக்க, பின்கட்டில் இவர்கள் இருவரும் சத்தமே இல்லாமல் ஆடுவார்கள். ஒருவர் வலப்பக்கம் கால் வைத்தால் மற்றவரும் வைத்தாக வேண்டும். இல்லையென்றால் ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். "ஏய், என் கால மிதிக்காதே மேன்!" என்று டோரீன் கத்துவது மட்டும் கூடத்துக்குக் கேட்கும். அப்பா ஒரு நொடி பாட்டை நிறுத்துவார், பிறகு பாடுவார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சில வருடங்களில் டோரீன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். போகும்போது வாக்மேனையும், இரண்டு ஹெட்போன்களையும், ஒரு ஷூ பெட்டி நிறைய கேசட்டுகளையும் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவின் தனிமை அன்றைக்குத் தொடங்கியது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா பெசன்ட் நகரில் மாடிப் போர்ஷன் ஒன்றில் குடியேறினார். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. டிரங்க் கால் கேட்க ஆளில்லை. அவரைக் கோப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். பகலில் பேச்சுத்துணை அதோடு போயிற்று. மாலையில் கடற்கரை வரை நடந்துவிட்டு வந்து பாட்டுக் கேட்பார். உலகம் டிஸ்கோவை மறந்து பல வருடம் ஆகியிருந்தது. என் மகன்கூட, "என்ன பெரியம்மா, அரதப் பழசு!" என்று கிண்டல் செய்வான். "இப்ப வர்றதெல்லாம் கம்ப்யூட்டர் அடிக்குதுடா. இதுல ஒரு ஆள் உக்காந்து இவ்வளவு நேரமும் வாசிக்கிறான், அவன் கை வலிக்கிறது எனக்குத் தெரியுது" என்பார்.

அக்கா வீட்டுக்குப் போன உங்கள் எல்லோருக்கும் அந்த இரண்டாவது ஹெட்போன் நினைவிருக்கும். காபி கொடுத்து முடித்ததும் மெதுவாக எடுத்து நீட்டுவார். "ஒரே ஒரு பாட்டு. முடியற வரைக்கும் இரு, போதும்." அந்தப் பாட்டுகள் சாமானியத்தில் முடியாது. முடியும்போதும் பட்டென்று நிற்காமல் சத்தம் குறைந்து, குறைந்து, தேய்ந்து போகும். அந்தக் கடைசிப் பகுதிதான் அக்காவுக்கு உயிர். அதுவரை யார் இருந்தோம்? சின்ன மாமா பாதியில் கழற்றி, "என்னம்மா, கூட்ஸ் வண்டி போற மாதிரி இருக்கு" என்றார். தம்பி மனைவிக்குக் குக்கர் நினைவு வந்துவிடும். எனக்கு தி.நகர் பஸ் வந்துவிடும். அக்கா யாரையும் கடிந்துகொண்டதில்லை. "சரி, போய்ட்டு வா" என்று சொல்லி, அந்த ஹெட்போனின் ஒயரைச் சுற்றி வைப்பார். அந்தச் சுற்றலைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்காது.

சென்ற ஆண்டு கோடையில் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அடையாறில் சிகிச்சை. வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கால் வீங்கி ஆட முடியவில்லை என்பதைத்தான் சொல்லிச் சொல்லி வருந்தினார். நான் அநேகமாகத் தினமும் போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் பாக்கியத்தை அங்கே பார்த்தேன்.

பாக்கியம் ஊரூர் குப்பத்துக்காரர். தெருவில் மீன் விற்பவர். தெருமுனை வரை கேட்கும் குரல். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார், முன்னால் போய் நின்றால்தான் கவனிப்பார். திமிர் பிடித்தவர் என்று அந்தத் தெருவில் பெயர். மதியத்தில் கூடை காலியானதும் மாடிப்படி நிழலில் உட்காருவார். அக்கா தண்ணீர் கொடுக்கப்போய்ப் பழக்கம். சைவ வீட்டுக்குள் மீன்கார அம்மாவா என்று நம்மவர்கள் முணுமுணுத்தபோது, "கூடையத்தான் கீழேயே வெச்சிட்டு வராளே" என்று அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது இருவரும் கட்டிலில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பாக்கியத்தின் கையை மடியில் வைத்து, உள்ளங்கையில் ஒரு விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். சின்னக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுவது போல இருந்ததால் எனக்குச் சிரிப்பு வந்தது. பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். பாட்டு முடிந்ததும் அக்கா அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "எப்படி?" என்றார்.

"ஜோரா கீதும்மா. இன்னொன்னு போடு" என்றார் பாக்கியம்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை. பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. கடைசி வாரம் வரை பாக்கியம் ஒருநாள் தவறாமல் வந்தார். மார்கழிப் பிறப்புக்கு முன் ஒரு காலை, தூக்கத்திலேயே அக்கா நம்மை விட்டுப் போனார்.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்த டாக்டர்களுக்கும், முகம் கோணாமல் பணிவிடை செய்த நர்ஸ் பிள்ளைகளுக்கும், அர்த்த ராத்திரியிலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த கீழ்வீட்டாருக்கும், தோள் கொடுத்து வழியனுப்பிய அலுவலக நண்பர்களுக்கும், ஆஸ்திரேலியாவிலிருந்து போன் செய்து பேச முடியாமல் அழுத டோரீனுக்கும், இன்று இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு கைகூப்புகிறது. ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

கருமாதி முடிந்த மாலை. எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பின் பாக்கியம் படியில் உட்கார்ந்திருந்தார். நான் வாக்மேனையும் ஹெட்போன்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். "அக்கா ஞாபகமா நீங்க வெச்சுக்கோங்க" என்றேன்.

பாக்கியம் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடமே தள்ளினார். "எனக்கு இன்னாத்துக்குமா இது? எனக்குத்தான் காது கேக்காதே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கேக்காதா?"

"கண்ணாலம் கட்டின புதுசுல ஒரு ஜொரம் வந்துச்சு, அதோட ரெண்டு காதும் போச்சு. நீ பேசறத வாயப் பாத்துத்தான் புரிஞ்சிக்கிறேன்."

"அப்ப அக்காகூட உக்காந்து என்ன கேட்டீங்க? அவளுக்குத் தெரியாதா?"

"அதுக்குத் தெரியாம இன்னா? மொத நாளே கண்டுபுடிச்சிச்சு. அதான் கையில போட்டுக் காட்டும். எனக்கும் பொயுது போவும். அது மூஞ்சி அவ்ளோ சந்தோசமா கீது, நடுவுல எப்படிமா எயுந்து போறது?"

நான் அழுதேன். பாக்கியம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்தார்.

"உங்க அக்காக்கு ரொம்பப் புடிச்சது ஒண்ணு கீது. போடட்டா?"

என் உள்ளங்கையில் அவர் விரல் தட்டத் தொடங்கியது. ஒரே சீராக, நிற்காமல். இடையில் இரண்டு விரலானது, பிறகு எல்லா விரல்களும் சேர்ந்து ஓடி வந்தன. வயலின்கள் வந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி ஒற்றை விரல். தி.நகர் பஸ் தெருமுனையில் வந்து நின்று போனது. நான் எழுந்திருக்கவில்லை. நெடுநேரம் போனபின் விரல் இளைக்க ஆரம்பித்தது. தட்டல் தொடலாக மாறியது. தொடலும் குறைந்து, குறைந்து, பாட்டு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"அவ்ளோதாம்மா" என்றார் பாக்கியம். நான் கையை அவர் மடியிலேயே வைத்திருந்தேன்.