எட்டு நிமிட வைத்தியம்

அந்த அம்மாள் சென்னைக்குப் போக முடியாமல் பர்மாவின் மிங்கலாடோன் விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்ததற்குக் காரணம் நான். கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு புறப்பட்டவர். அவருடைய இந்திய விசா விண்ணப்பத்தை எங்கள் டிக்கெட் அலுவலகத்தில் நிரப்பியது நான்தான். பாஸ்போர்ட் எண்ணின் நடுவில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றித் தட்டியிருந்தேன். விமான நிலையக் கவுண்டரில் இருந்தவர்கள் விசாவையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவருடைய மகள் எனக்குப் போன் செய்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “அக்கா, பார்த்துத்தானே எழுதினீங்க?” என்று பர்மிய மொழியில் மெதுவாகக் கேட்டாள்.

பார்த்துத்தான் எழுதினேன். பார்த்து, வாய்விட்டுப் படித்து, எழுதினேன். அப்படியும் அது மாறியிருந்தது. இதை எந்த முகத்தோடு சொல்வது? “மன்னிச்சுக்கங்க” என்று மட்டும் சொன்னேன். பத்து நாள் கழித்து வேறு விசா எடுத்து அவர் போய்விட்டார், சிகிச்சையும் நடந்தது. ஆனால் அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருடத்தில் அது மூன்றாவது தவறு. எங்கள் மேலாளர் தவறான தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பதினாறு வருடமாக அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டிலும் இதே கதைதான். கரண்ட் போனதும் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவேன். நான் கடைக்குப் போன நேரத்தில் கரண்ட் வந்து, என் கணவருடைய சட்டையோடு மேஜையும் கருகியிருக்கும். தின்கன்ஜூன் பகுதியில் இருக்கும் எங்கள் மாடி வீட்டுச் சாவியைத் தொலைத்து எத்தனை தடவை பூட்டை மாற்றினோம் என்று கணக்கு வைப்பதை அவர் விட்டுவிட்டார். அவர் பர்மியர், பொறுமைசாலி. “உனக்கு ஒண்ணுமில்லை, கொஞ்சம் கவனமா இரு, போதும்” என்பார். கவனமா இரு! பிறந்ததிலிருந்து என்னிடம் அதிகம் சொல்லப்பட்ட இரண்டு வார்த்தைகள் அவைதான். நொண்டுகிறவரைப் பார்த்து ஒழுங்காக நட என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு அடுத்த மேஜையில் இருக்கும் இளம்பெண்தான் முதலில் அந்த வீடியோவைக் காட்டினாள். இங்கே ஃபேஸ்புக்குக்குத் தடை, வி.பி.என். போட்டால்தான் திறக்கும். அது நின்று நின்று ஓடியது. பெரியவர்களுக்கும் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடு உண்டு, சிறு வயதிலேயே தொடங்கி யாரும் கண்டுபிடிக்காமல் போயிருக்கலாம் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். “அக்கா, இது உங்களைப் பார்த்துச் சொல்ற மாதிரியே இருக்கு” என்றாள் பக்கத்து மேஜைப் பெண். முப்பத்தொன்பது வயதில், என் அன்றாடத்தை யாரோ ஒருத்தி பட்டியல் போட்டுப் படிக்கிறாள்.

வீடியோவுக்குக் கீழேயே ஒரு விளம்பரம் இருந்தது. வீட்டிலிருந்தபடியே பரிசோதனை, வீட்டுக்கே மருந்து. செயலியை இறக்கினேன். பதினெட்டுக் கேள்விகள். அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை. பிறகு ‘மருத்துவர்’ வந்தார். கேமரா போடவில்லை. பெயர் சொல்லவில்லை. நான் பேசத் தொடங்கி, பள்ளிக்கூடக் காலத்துக்கு வருவதற்குள், “உங்களுக்கு இருப்பது ஏ.டி.எச்.டி.தான், மூன்று மாதத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்” என்றார். இணைப்பு துண்டிக்கப்பட்டபோது திரையில் எட்டு நிமிடம் என்று காட்டியது.

நான் அழுதேன், நிம்மதியில். அதை நினைத்தால்தான் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது. இல்லை, என்மேல் ஏன் கோபப்பட வேண்டும்? தாகத்தோடு வந்தவளுக்குக் கழிவுநீரை ஊற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

இரண்டாம் நாள் சைக்கிளில் ஒருவர் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை, அதில் முப்பது வெள்ளை மாத்திரைகள். அட்டை இல்லை, மருந்தின் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. ‘காலையில் ஒன்று’ என்று பேனாவால் எழுதிய சிறு காகிதம் மட்டும் இருந்தது. போட்டேன். ஒரு மணி நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் நடுங்கின. பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. நான்கு நாள் அப்படியே வேலைக்குப் போனேன். மருந்து பிடிக்க ஆரம்பித்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செயலியில் எழுதிக் கேட்டதற்கு, ‘தண்ணீர் அதிகம் குடியுங்கள்’ என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு பூப்படத்தோடு.

ஐந்தாம் நாள் பையை எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மாத்திரை ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தமீ, இது என்னது?” மகளே என்று கூப்பிட்டுத்தான் எல்லோரிடமும் பேசுவார்.

“கவனத்துக்கு மருந்துன்னு குடுத்தாங்க.”

“யார் குடுத்தது?”

“ஆன்லைன்ல ஒரு டாக்டர்.”

“அந்த டாக்டருக்குப் பேர் இல்லையா? இந்த மாத்திரைக்கும் பேர் இல்லை. பேர் இல்லாததை வயித்துக்குள்ள போடுவியா?” என்றவர், என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். முகம் மாறியது. “இனி ஒண்ணுகூடப் போடாதே. உடம்பு இளைக்கக் குடுக்கிற மாத்திரை மாதிரி தெரியுது எனக்கு. ஒழுங்கான மனநல டாக்டரைப் பாரு.”

அன்றே செயலியில் எழுதினேன்: எனக்கு நோய் சொன்ன மருத்துவரின் பெயர் என்ன? பதிவு எண் என்ன? இந்த மாத்திரையின் பெயர் என்ன? ‘தனியுரிமைக் காரணங்களால் தெரிவிக்க இயலாது’ என்று பதில் வந்தது. யாருடைய தனியுரிமை? என் இரத்தத்தில் கலந்த பொருளின் பெயரை என்னிடமிருந்தே மறைப்பதற்குத் தனியுரிமை என்று பெயரா? அதையும் எழுதினேன். மறுநாள் என் கணக்கே திறக்கவில்லை.

கடைக்காரம்மா சொன்னபடி ஒரு மருத்துவமனையில் மனநல நிபுணரைப் பார்க்கப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். உள்ளே போய் நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

“அது சின்னப் பிள்ளைகளுக்கு வர்றது. நீங்க பட்டம் வாங்கியிருக்கீங்க, பதினாறு வருஷமா வேலை பார்க்கிறீங்க. பத்து நாள் தியான நிலையத்துக்குப் போய்ட்டு வாங்க.”

“போயிருக்கேன், சயா. ரெண்டு தடவை.” இங்கே ஆசிரியரையும் சயா என்போம், மருத்துவரையும் சயா என்போம்.

“அப்ப மூணாவது தடவை போங்க.”

இரண்டாவது தடவை, ஆறாம் நாள், உட்கார முடியாமல் தோட்டத்தில் நடந்துகொண்டே இருந்ததற்காக என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார். ஒருவன் முகத்தைக் காட்டாமல் எட்டு நிமிடம் பேசினான். இன்னொருவர் முகத்தைக் காட்டிக்கொண்டு நான்கு நிமிடம் பேசினார். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை.

கோபம் தாங்காமல் மருந்துக்கடையில் போய் அதைக் கொட்டினேன். கடைக்காரம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எண் எழுதிக் கொடுத்தார். முன்பு இந்த ஊரில் வேலை பார்த்த மனநல மருத்துவர், இப்போது வெளிநாட்டில் இருக்கிறாராம். வீடியோவில் நம் ஊர்க்காரர்களைப் பார்க்கிறாராம். “இன்னொரு ஆன்லைனா?” என்றேன். “முகத்தைக் காட்டுவார், பேரைச் சொல்லுவார். சொல்லலைன்னா போனை வச்சிடு” என்றார்.

முகத்தைக் காட்டினார். பெயரைச் சொன்னார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். முதலில் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் பார்த்து அனுப்பச் சொன்னார். ஒரே பேச்சில் முடிவு சொல்ல மாட்டேன், மூன்று தடவையாவது பேச வேண்டும் என்றார். எங்கள் பகுதிக்குக் கரண்ட் வரும் காலை நேரங்களைப் பார்த்து நாள் குறித்தோம். இரண்டாவது தடவை, நான் சிறுமியாக இருந்தபோது என்னைப் பார்த்த ஒருவர் வேண்டும், பள்ளி மதிப்பெண் அட்டைகள் இருந்தால் வேண்டும் என்று கேட்டார்.

இருந்தது என் அம்மாதான். எங்களோடுதான் இருக்கிறார். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், அவர் போய்ப் பல வருடமாகிறது. அம்மாவுக்குத் தமிழ்தான் தாய்மொழி. சந்தைக்குப் போதுமான பர்மியம் பேசுவார், அதைப் படிக்கத் தெரியாது. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே என் குழந்தைப் பருவத்தை நானே கேட்டு, நானே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

“டாக்டரு தம்பி என்னா கேக்குறாரு?”

“சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்னு கேக்குறாரு.”

“எப்படி இருந்தியா? ஒரு எடத்துல இருந்தியா நீ? ஒல வைக்கக்குள்ள ரோட்டுக்கு ஓடிருவே. பழைய சேலைய கிழிச்சு உன்னைய கட்டிலு காலுல கட்டிப் போட்டுட்டுத்தான் சோறாக்குவேன். அடிச்சிருக்கேன். நெறையா அடிச்சிருக்கேன்.”

கட்டிப்போட்டது எனக்கு நினைவில்லை. “என் அம்மா என்னைக் கட்டிலில் கட்டிப்போட்டாராம், நிறைய அடித்தாராம்” என்று திரையைப் பார்த்துப் பர்மியத்தில் சொன்னேன். வேறு யாரோ ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்வது போல் இருந்தது.

மருத்துவர் உடனே, “அம்மாவைக் குறை சொல்ல நான் கேட்கலைன்னு சொல்லுங்க. பிள்ளை வண்டியில அடிபடாம இருக்கத்தான் கட்டினாங்கன்னு எனக்குப் புரியுதுன்னு சொல்லுங்க” என்றார். அதைத் தமிழில் சொன்னேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மதிப்பெண் அட்டைகள். அம்மா அவற்றைத் தகர டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கேமரா முன்னால் பிடித்தேன். மருத்துவர் வாய்விட்டுப் படித்தார். இடத்தில் உட்காருவதில்லை. தெரிந்ததையும் முடிப்பதில்லை. சோம்பேறி. அடுத்த வருடம், சோம்பேறி. அதற்கடுத்த வருடமும்.

“என்னா படிக்கிறாரு? கெட்டிக்காரின்னு போட்டிருக்குல்ல?” என்றார் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அட்டைகளை அம்மாவுக்குப் படித்துக் காட்டியவள் நான்தான். எட்டு வயதில், ஒன்பது வயதில், ‘நல்லாப் படிக்கிறா, கெட்டிக்காரி’ என்று படித்துக் காட்டியிருக்கிறேன். அம்மா சந்தோஷமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது உண்மையைச் சொன்னேன்.

அம்மா அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினார், என்னை அல்ல.

“அந்த டீச்சரு அடுத்த தெருவுலதானம்மா இருந்தா? தெனமும் காலைல சாப்பிட மொகிங்கா வாங்க நம்ம வாசலு வழியாத்தான போவா? ஒரு நாளு உள்ளாற வந்து, ஒங்க புள்ளைக்கு என்னமோ பண்ணுது, பாருங்கன்னு சொன்னா வாயா வலிக்கும்? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும்லம்மா! சோம்பேறின்னு எழுதத் தெரிஞ்சுது, வந்து சொல்லத் தெரியல!”

இதை மொழிபெயர்க்கச் சொல்லி மருத்துவர் கேட்டார். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

மூன்றாவது தடவை பேசியபோது அவர் முடிவைச் சொன்னார். இருக்கிறது, சிறு வயதிலிருந்தே இருக்கிறது. மருந்து உதவும், ஆனால் அது அரசின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. அவர் இங்கே இல்லாததால் அவருடைய சீட்டு இங்கே செல்லாது. இங்குள்ள நிபுணர் ஒருவர் எழுதித் தர வேண்டும். மூன்று பக்கக் கடிதம் அனுப்பினார். அதை எடுத்துக்கொண்டு நான் போக வேண்டியிருந்தது, என்னைப் பார்த்துச் சிரித்த அதே நிபுணரிடம். எட்டும் தூரத்தில் எனக்குத் தெரிந்தவர் வேறு யாருமில்லை.

அவர் கடிதத்தைப் படித்தார். சிரிக்கவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. “தியானத்துக்குப் போனீங்களா?” என்று கேட்டுக்கொண்டே மருந்துச் சீட்டு எழுதி நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். போன வருடத்துத் தேதியைப் போட்டிருந்தார்.

“சயா, வருஷம் தப்பு. இதோட போனா கடையில திருப்பி அனுப்பிடுவாங்க.”

“ஓ, அவசரத்துல” என்று சொல்லிவிட்டுத் திருத்திக் கொடுத்தார். அவருக்கு அது அவசரம். நான் செய்தால் சோம்பேறித்தனம்.

மருந்து என்னை வேறு ஆளாக ஆக்கிவிடவில்லை. ஆனால் முதல் வாரத்தில் ஒரு நாள், ஒரு குடும்பத்தின் ஆறு விண்ணப்பங்களை எழுந்திருக்காமல் முடித்துவிட்டு நிமிர்ந்தேன், டீ இன்னும் சூடாக இருந்தது. இவ்வளவுதானா, மற்றவர்களுக்கெல்லாம் நாள் முழுவதும் இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தபோது சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. முப்பது வருடத்தை யாரிடம் போய்க் கேட்பது?

அதுவும் எல்லா மாதமும் கிடைப்பதில்லை. சரக்கு வரவில்லை என்பார்கள். மருந்து இல்லாத நாட்களில் பக்கத்து மேஜைப் பெண் எண்களை ஒவ்வொன்றாகப் படிக்க, நான் திரையில் சரிபார்க்கிறேன். என் கணவர் இஸ்திரிப் பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டார். கவனமா இரு என்பதையும் நிறுத்திவிட்டார், நான் கேட்டுக்கொண்டபடி.

போன வாரம் மூன்று கடைகளில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். நான்காவது கடை நகரத்தின் நடுவில், நல்ல கூட்டம். கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் படித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, “இது புத்தி நிக்காத பிள்ளைகளுக்குக் குடுக்கிறதாச்சே, உங்க பிள்ளைக்கா?” என்றாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்கு” என்றேன், அவள் குரலைவிட உரக்க. “மருந்துக்குப் பேர் எழுதியிருக்கு, எழுதின டாக்டருக்குப் பேர் இருக்கு. இருந்தா எடுத்துக் குடுங்க.”

ஒரு அட்டைதான் இருந்தது, பத்து மாத்திரை. வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.