சூரை மீன் வந்த மதியம்

அண்ணனுக்கு மோப்பம் போய்விட்டது என்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும். மாசியில் வந்த காய்ச்சல் இறங்கிய பிறகும் மூக்கு திரும்பவில்லை. கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டர், வந்தாலும் வரலாம், நாளாகும் என்றார். புளிப்பும் உப்பும் நாக்குக்குத் தெரிந்தன. தாளிப்பு கருகினால் புகையைக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடித்தான்.

அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பல வருடம் ஜப்பானில் சூஷிக் கடையில் நின்றவன். திரும்பி வந்து, கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்து, எட்டுப் பேர் மட்டும் உட்காரும் நீள மேசை போட்டான். ஞாயிறு மதியம் மட்டும் சாப்பாடு. அதற்கு ஜப்பானியப் பெயர் ஒமகாசே. ‘உன் விருப்பம், நீ கொடுப்பதைச் சாப்பிடுகிறேன்’ என்று அர்த்தம். அரிசியோடு கல்வராயன் சாமையைக் கலந்து வேகவைப்பான். வினிகருக்குப் பதில் புளித்தண்ணீரும் மலைத்தேனும். கடற்பாசித் தாளுக்குப் பதில் மெல்லிய மரவள்ளி அப்பளம். அந்தச் சோற்றைக் கவளமாகப் பிடித்து மேலே பச்சை மீனை வைப்பான். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மீன் கடலூரிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் வேனில் வரும். மோப்பம் போன பிறகு நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பெட்டியைத் திறந்ததும் மீன்களை முகர்ந்து பார்ப்பது நான். சாப்பாடு தொடங்கியதும் மேசையின் கோடி நாற்காலி எனக்கு. ஒவ்வொரு வகையிலும் முதல் கவளம் என் தட்டுக்கு வரும். நான் சாப்பிட்டுத் தலையாட்டிய பிறகே மற்றவர்களுக்கு. விருந்தாளிகள் அதை ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு வேன் உளுந்தூர்பேட்டையில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. பெட்டி வரும்போது சென்னைக்காரர்கள் நான்கு பேர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வஞ்சரத்தையும் கணவாயையும் முகர்ந்து பார்த்தேன், நன்றாக இருந்தன. அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள், நான் இன்னும் முகர்ந்து பார்க்காத சூரையை அண்ணன் அறுத்து, சோயாவும் புளியும் கலந்த கிண்ணத்தில் ஊறப்போட்டிருந்தான். குனிந்து பார்த்தேன். புளிவாசம்தான் வந்தது.

“செவுளு நல்லா செவப்பா இருந்திச்சி. அழுத்துனா எழும்புது. பயப்படாத” என்றான்.

அந்த நேரம் பார்த்துப் பண்ணை வீட்டின் சொந்தக்காரர் வந்தார். ரிஷிவந்தியம் பக்கம் நிலபுலன் உள்ளவர், எழுபதைத் தாண்டியவர். பச்சை மீனைக் காசு கொடுத்துத் தின்கிறார்களா என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசைப்பட்டவர். முட்டி வலி என்று, கதவுக்குப் பக்கத்திலிருந்த என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப முடியாது. அடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் என்னைப் பார்த்தான். மேசைக்கு அந்தப் பக்கம் அவனுக்கும் வியர்த்திருந்தது.

கோடி நாற்காலியில் இருந்த பெரியவரைத் தாண்டி எனக்கு வைக்க முடியாமல், முதல் கவளம் அவருக்குப் போனது. வஞ்சரம், கணவாய். அவர் மென்றுவிட்டு, கடுகும் இஞ்சியும் அரைத்து வைத்தது தூக்கலாக இருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் என்ன தின்றேன் என்றே எனக்குத் தெரியவில்லை. என் கண் அந்தக் கிண்ணத்தின் மேலேயே இருந்தது.

அண்ணன் சூரைத் துண்டுகளை வெளியே எடுத்தான். துணியில் ஒற்றினான். பிடித்த கவளங்களை வரிசையாக ஒவ்வொருவர் தட்டிலும் வைத்தான். என் தட்டில் விழுந்ததும் புளிக்கு அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. நாற்றம் என்று சொல்ல முடியாது. ஈரத்துணியை மூடிவைத்துத் திறந்தால் வருமே, அதுபோல ஒன்று. உண்மையா, என் பயமா என்று புரியவில்லை. இன்னொரு தடவை முகர்ந்து பார்க்க நேரமில்லை. பெரியவர் விரலால் எடுத்து வாய்க்குக் கொண்டு போய்விட்டார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என்னை.

“இன்னாம்மா, கையப் புடிச்சிக்கினு?”

“சாப்புடாதீங்க ஐயா. மீனு வாசன சரியில்ல.”

சென்னைக்காரர் ஒருவர் தன் கவளத்தை முகர்ந்து பார்த்து, தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றார். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் ஒரு துண்டை எடுத்து மூக்கருகே வைத்தான். வைத்தவன் அப்படியே நின்றான். நன்றாகத்தான் இருக்கிறது என்று அவன் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

துண்டைக் கீழே வைத்தான்.

“எனக்கு வாசன தெரியாதுங்க. காய்ச்சல் வந்ததுலேர்ந்து இல்ல. எந்தங்கச்சிதான் பாத்து சொல்லிக்கினு இருந்தா.”

அப்படியானால் இதுவரை நாங்கள் சாப்பிட்டதன் கதி என்ன என்று சென்னைக்காரர்களோடு வந்த பெண் கேட்டார். அதையெல்லாம் நான் முகர்ந்து பார்த்தேன் என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. நால்வரும் எழுந்தார்கள். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அண்ணன் தலை நிமிரவில்லை.

பெரியவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, வேகவைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அண்ணன் முட்டையை அடித்து ஊற்றினான். மலைக்காளானை நெய்யில் வதக்கினான். தட்டில் பரிமாறினான். அவர் போன பிறகு சூரையை அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தான்.

அன்று சாயங்காலம் முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தேன். யாருக்காவது வாந்தி என்று சொல்வார்களோ என்று ஒவ்வொரு அழைப்பையும் முதல் மணியிலேயே எடுத்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மீன் அனுப்புகிறவரிடம் அண்ணனே கேட்டான். உளுந்தூர்பேட்டை வெயிலில் பனிக்கட்டி முழுக்கக் கரைந்து, மீன் வெறும் தண்ணீரில் கிடந்திருக்கிறது. சூரை மற்ற மீனைவிடச் சீக்கிரம் கெடும். டிரைவர் அங்கேயே ஒரு கடையில் புதுப் பனிக்கட்டி வாங்கிப் போட்டு மூடிக்கொண்டு வந்திருக்கிறார்.

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

“எனக்கு மட்டும் சைகை காட்டிருக்கலாம்.”

“அவர் வாயில வச்சிருப்பாரு.”

பச்சை மீன் இனி வேண்டாம் என்றான். பல வருடம் கற்றுக்கொண்டதை அந்த ஒரு வரியில் கீழே வைத்தான். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஒரு மாதம் மூடியிருந்துவிட்டு மறுபடி திறந்தோம். இப்போது மீனை ஆவியில் வேகவைக்கிறான், சுடுகிறான். ஆட்கள் உட்கார்ந்ததும் தனக்கு வாசனை தெரியாது, தங்கை பார்த்துத்தான் பரிமாறுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். உட்காருகிறவர்களுக்கு முன்னால் நான் ஒவ்வொரு மீனையும் எல்லோரும் பார்க்க முகர்கிறேன். இத்தனை ஞாயிறுகள் ஆகியும், ஒவ்வொன்றையும் இரண்டாம் தடவை முகராமல் நான் தலையாட்டுவதில்லை.