நான் களை பிடுங்காத சரிவு

எங்கள் காப்பி எஸ்டேட்டில் களை எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நான் போன வரிசையில் ஒரு புல் நிற்காது.

கரடியூர்ப் பக்கம் மண் வெட்டி எடுத்த சரிவு ஒன்று மொட்டையாகக் கிடந்தது. நட்ட கன்றெல்லாம் காய்ந்துபோனது. "இந்த மழைக்கும் ஒண்ணும் வரலைன்னா ரிசார்ட் கட்டிருவேன்" என்றார் முதலாளி. காட்டைத் திரும்ப வளர்க்க வந்திருந்த பொண்ணு, நிழல் மரங்களில் கழித்த கிளைகளை அங்கே ஊன்றச் சொன்னது.

"ஏனுங்கம்மிணி, காஞ்ச குச்சி துளிர்க்குமுங்களா?"

"துளிர்க்காதுங்க. குருவி வந்து உட்காரட்டும்."

"குருவிக்கு நாற்காலி போடறோம்டி!" என்றேன் கூட இருந்த பெண்களிடம். நொம்ப நேரம் சிரித்தோம்.

மழை பெய்தது. முதலாளி பார்க்க வரும் நாளில் சரிவு சுத்தமாக இருக்கட்டுமே என்று, பெண்களைக் கூட்டிப்போய்க் குச்சிகளின் அடியில் களை பிடுங்க உட்கார்ந்தேன். முதல் செடியை இழுத்தால், வேரோடு நாவல் கொட்டை வருகிறது! அண்ணாந்தேன். குச்சி மேல் இருந்த மைனா சரியாக என் தலைத்துண்டில் எச்சமிட்டுப் பறந்தது. அதிலும் ஒரு விதை.

"கையை எடுங்கடி! அத்தனையும் மரக்கன்னு!"

"உன் தலையிலயும் ஒண்ணு முளைக்கும் அக்கா" என்றாள் கூட வேலை செய்யும் மாரி.

பிடுங்கிய கன்றை அங்கேயே ஊன்றினேன். சொன்ன நாளில் வந்த முதலாளி ஒவ்வொரு குச்சியடியிலும் குனிந்து பார்த்தார். "சரி, கட்டலை" என்றார்.

இன்றைக்கு அந்த நாவல் என்னைவிட உயரம். ஊட்டுக்கு யார் வந்தாலும், நான் கை வைக்காமல் விட்ட அந்தச் சரிவுக்குத்தான் முதலில் கூட்டிப் போகிறேன்.