பக்கத்துத் தூளி

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு என் திட்டம் கவிழ ஆரம்பித்தது.

மணி எப்படி அவ்வளவு சரியாகத் தெரியும் என்கிறீர்களா? அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பரவாயில்லையே, இன்றைக்கு எல்லாம் நேரப்படி நடக்கிறது!" என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். மலையில் இருக்கிறவர்கள் அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. மேகத்துக்குக் காது உண்டு.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு எங்கள் வீட்டு நிலவரம் தெரியும். தாண்டிக்குடிக்குப் பக்கத்தில், அப்பா எனக்கு விட்டுப்போன சின்னக் காப்பித் தோட்டம். அதைப் பார்த்துக்கொள்வது நான். கணவருக்குக் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் உத்தியோகம். சனிக்கிழமை வருவார் — கரிப்புகையில் ஓடும் பஸ் மனது வைத்தால். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோலைத்தான் கண்ணால் பார்க்க முடிவதில்லையே!

நாற்பத்தோரு வயதில் எங்களுக்குப் பிறந்தவள் வசந்தா. இப்போது பத்து மாதம். "பேத்தியா?" என்று கேட்காத ஆள் இந்த மலையில் தபால்காரர் ஒருவர்தான். அவருக்கும் கேட்க ஆசைதான்... தைரியம் இல்லை.

"தோட்டத்தையும் குழந்தையையும் ஒன்றாக எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். "எல்லாம் திட்டமிடுவதில் இருக்கிறது" என்று போன மாதம் இதே இடத்தில் பெரிய மனுஷியாகப் பதில் எழுதினேன். அந்த அம்மாள் என்னை மன்னிக்க வேண்டும். என் திட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு — நாத்தனார். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். அவர் ஒரு கல்யாணத்துக்காக வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டார்.

காப்பிப் பழம் கல்யாணத்துக்குக் காத்திருக்குமா? கார்த்திகை மாதம், பழம் சிவந்து நிற்கிறது. இன்னொரு மழை வலுத்தால் அத்தனையும் மண்ணில்தான். பழம் எடுக்க ஆள் போதவில்லை. வழக்கமாகக் கொட்டகையில் நின்று கூடைகளை நிறுத்து வாங்கும் நானும் அன்றைக்கு இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டேன். வசந்தாவையும் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினேன்.

பழம் எடுக்கிற பெண்களில் பாதிப் பேருக்குக் கைக்குழந்தை. காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் ஆரஞ்சு மரங்களில் தூளி கட்டி, பிள்ளையைப் போட்டுவிட்டு, வரிசை பிடித்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். நானும் கட்டினேன். உள்ளே சால்வை, மேலே குடை, பக்கத்தில் பால் புட்டி, கொசு வராமல் இருக்க ஒரு மெல்லிய துணி...

அடுத்த வரிசையில் இருந்த பேச்சியம்மா நின்று வேடிக்கை பார்த்தாள். தோட்டத்துக்குப் பல வருஷமாக வருகிறவள்.

"தூளியாங்கம்மா இது? சாமி பல்லக்குல்ல! தூக்குறதுக்கு நாலு ஆளு சொல்லட்டுமா?"

"உன் மகனுக்கும் ஒரு சால்வை தரட்டுமா பேச்சி?"

"அவனுக்கா? எங்கிட்ட இருக்கறதே ஒரு சீலைத் துணி. அதையும் அவன் வெள்ளனே நனைச்சு வச்சுட்டான்."

அவள் மகன் சுப்பு. எட்டு மாதம். குரல் மட்டும் எட்டு வயசு.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றேகால் மணி வரைக்கும்.

"மேகம் எறங்குதுடி! வெரசா, வெரசா!" என்று யாரோ கத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். பழம் எடுத்துக்கொண்டே வசந்தாவின் தூளியை விட்டு ரொம்பத் தூரம் வந்திருந்தேன். எதிர் மலையைக் காணோம். அடுத்த நிமிஷம் எதிர் மரத்தைக் காணோம். மேகம் இறங்கினால் குளிர் மட்டும் வராது. காட்டுமாடும் சோலையை விட்டுத் தோட்டத்துக்குள் வரும். பெண்கள் எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது.

நானும் ஓடினேன். என் மகளிடம்.

வழியில் ஒரு தூளி. உள்ளே ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. 'அதன் அம்மா வருவாள்' என்று நினைத்துக்கொண்டு தாண்டி ஓடினேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே செய்வார்கள்? அப்படித்தான் நினைத்தேன்.

வசந்தாவின் தூளிக்கு வந்தேன். குடை இருந்தது. புட்டி இருந்தது.

வசந்தா இல்லை. சால்வையும் இல்லை.

தூளியை உதறிப் பார்த்தேன். மரத்தைச் சுற்றினேன். பெயர் சொல்லிக் கத்தினேன் — பத்து மாதக் குழந்தை பதில் சொல்லும் என்பதுபோல! மேகத்தில் குரல் ஓடாது. வாயை விட்டு வெளியே வந்ததும் பஞ்சில் விழுந்த ஊசி மாதிரி தொலைந்துபோகிறது.

மேலே ஓடினேன், கீழே ஓடினேன். எல்லாச் செடியும் ஒரே செடி. அப்பா நட்டு, நான் கிளை கழித்துக் கவாத்து செய்த தோட்டம். அதில் எனக்கே வழி தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி நனைந்து, இருக்கிற கண்ணும் போயிற்று.

அப்போது மறுபடியும் அந்த அழுகை.

இன்னுமா யாரும் வரவில்லை? குரலைப் பிடித்துக்கொண்டே போனேன். அதே தூளி. கையை விட்டுத் தூக்கினேன். சுப்பு! குளிர்ந்துபோய், கோபத்தில் சிவந்து... என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினான். கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். பிறகு, நிதானமாக, என் சுவெட்டரை நனைத்தான்.

மரத்தடியில் உட்கார்ந்து அவனைச் சுவெட்டருக்குள் விட்டுக்கொண்டேன். இவனுக்கு நான் கிடைத்தேன். என் மகளுக்கு யார் கிடைத்தார்கள்? சால்வை ஏன் இல்லை? வேண்டாத கற்பனைக்கு மட்டும் மேகத்தில் வழி நன்றாகத் தெரிகிறது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்? கடிகாரம் கையில்தான் இருந்தது. பார்க்கத் தோன்றவில்லை.

மேலே ஏதோ கிளை முறிந்தது. காட்டுமாடு! சுப்புவை இறுக்கிக்கொண்டு எழுந்தேன். கத்தலாமா, கூடாதா? மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

டங்... டங்... டங்...

காட்டுமாடு தகரம் அடிக்குமா?

"அம்மோவ்! எங்க கெடக்கீங்க?"

"இங்கே... இங்கே பேச்சி! வசந்தாவைக் காணோம்!"

வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு தகர டின் வந்தது. பிறகு அதைத் தட்டும் குச்சி. அதற்குப் பின்னால் பேச்சியம்மா. அவள் இடுப்பில், என் சால்வைக்குள், கொட்டாவி விட்டுக்கொண்டு — வசந்தா.

"புள்ளைகள்லாம் கொட்டகைக்கு வந்துருச்சுங்கம்மா. அம்மாதான் ஒண்ணு கொறஞ்சுச்சு!"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "நீ ஏன் இவளைத் தூக்கினாய்? உன் பிள்ளை இங்கே கிடக்க..."

"நான் ஒங்க பல்லக்குக் கிட்டல்ல நின்னேன்? மேகம் எறங்குனா கிட்டக் கெடக்கற புள்ளையத் தூக்கிட்டு மேல ஏறிடணும். ஆளாளுக்குத் தம் புள்ளையத் தேடி மேலயும் கீழயும் ஓடுனா, ஒருத்திய ஒருத்தி முட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. கொட்டகை வாசலில் நின்று, பெண்கள் பிள்ளைகளோடு ஏறி வருவதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! யார் இடுப்பில் யார் பிள்ளை என்று ஒரு நாளாவது பார்த்தேனா?

அன்று தோட்டத்தில் தன் பிள்ளையைத் தேடிப் போனவள் நான் ஒருத்திதான். தொலைந்துபோனவளும் நான் ஒருத்திதான். மதுரை வாசகி கவனிக்க: திட்டம் என்று எழுதினேனே, அது தப்பு. பக்கத்து வரிசை என்று எழுதியிருக்க வேண்டும்.

"கொட்டகையில் சுப்பு இல்லை என்றதும் உனக்குப் பதறவில்லையா, பேச்சி?"

"பாத்தேன். அவனும் இல்ல, நீங்களும் இல்ல. அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான இருக்கணும்? நீங்கதான அவனுக்குக் கிட்ட நின்னீங்க. இவ பசிச்சு அழுதா. பாலக் குடுத்துட்டுத்தான் வாரேன். இனி ஒங்க புட்டியத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா, பாத்துக்கங்க!"

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. அவ்வளவு நம்பிக்கையை ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்ளலாம்தான். யார் பார்த்தார்கள்? ஆனால் அவன் என் நெஞ்சில் வெதுவெதுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தானே...

"முதலில் இவனைத் தாண்டி ஓடிவிட்டேன், பேச்சி. அழுகை காதில் விழுந்தது. விழுந்தும் ஓடினேன். அப்புறம்தான் திரும்பி வந்தேன்."

தகரம் தட்டுவது நின்றது. பேச்சியம்மா சுப்புவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவனை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் கை நீட்டவில்லை. வசந்தாவை இடுப்பில் ஏற்றிப் போட்டுக்கொண்டு, பாதையின் பக்கம் திரும்பினாள்.

"இந்தச் சறுக்குல நின்னுக்கிட்டா புள்ளைய மாத்துவாங்க? கொட்டகை வரைக்கும் அவன நீங்களே தூக்கிட்டு வாங்கம்மா. சொட்டரு எப்பிடியும் நனைஞ்சு போச்சுல்ல!"