மாமாவுக்கு எழுதிய சாவுப்பாட்டு

காந்திகிராமத்துக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, மெக்சிகோவைப் பற்றிப் போனில் படித்துக்கொண்டிருந்தேன். நவம்பரில் இறந்தவர்களுக்குப் படைக்கும் நாட்களில், உயிரோடு இருப்பவர்களைச் செத்துப்போனதாக வைத்துக் கேலிப்பாட்டு எழுதுவார்களாம். நண்பன், வாத்தியார், மந்திரி யாரையும் விடமாட்டார்களாம். அந்த நேரம் பார்த்து பஸ் நின்றது. முன்னால் ஒரு சாவு ஊர்வலம். கொட்டு, வெடி, விசில், பாடைக்கு முன்னால் ஆட்டம். நாமும் ஒன்று எழுதினால் என்ன என்று அங்கேயே தோன்றிவிட்டது.

யாருக்கு? அம்மாவின் தம்பிக்குத்தான். எரியோடு ரோட்டில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். அடுத்த வாரம் மதுரையில் அவருக்கு இதய ஆபரேஷன். தாய்மாமனைக் கேலி செய்ய எனக்கில்லாத உரிமையா? பாட்டில் எமன் பட்டறைக்கு வந்து கூப்பிடுகிறான். "செத்த நேரம் இரு, ஒரு பஞ்சர் கெடக்கு" என்கிறார் மாமா. சாயங்காலம்வரை நின்று பார்த்த எமன், எருமையை சர்வீசுக்கு விட்டுவிட்டு நடந்தே திரும்புகிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா வீட்டில், எல்லாரும் சாப்பிடும்போது, மெக்சிகோ வழக்கத்தைச் சொல்லிவிட்டு வாசித்தேன். மாமாவுக்குப் புரையேறிவிட்டது.

"மாப்ள, எருமைக்கு ஆயில் எங்கிட்டுடா ஊத்துறது?"

சிரித்து முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நெசமாவே எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, பட்டறைய..." என்று ஆரம்பித்தார்.

"வாயக் கழுவுங்க!" என்றார் அத்தை. அடுத்து என் பக்கம் திரும்பினார். "ஏலே, ஆபரேசனுக்குப் போற மனுசன்கிட்டப் பாடுற பாட்டா இது? காலேசுல இதத்தேன் படிக்கிறியா?"

அம்மா தாளைப் பிடுங்கிக் கிழித்தார். "நம்ம ஊரு சாமி பத்தாதுன்னு மெக்சிக்கோவுக்கு வேற போயிட்டான்!"

மாமா பட்டறைப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, ரசம் கேட்டார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கிழிந்த பாட்டுக்காக அல்ல. ஒருவர் செத்த பிறகு நடுரோட்டில் பஸ்ஸை மறித்து ஆடுகிறோம். கூலிங்கிளாஸ் போட்டோவோடு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். பிடித்த கறியையும் சுருட்டையும் படைக்கிறோம். உயிரோடு இருக்கும்போது மட்டும், தன் சாவைப் பற்றி அவர் ஒரு வாக்கியத்தை முடிக்க விடமாட்டோம். இது என்ன பாசம்?

மெக்சிகோக்காரர்களுக்குச் சாவுபயமே கிடையாது என்று இணையத்தில் அளந்துவிடுகிறவர்கள் மேலும் எரிச்சல்தான். பயமே இல்லாதவர்கள் எதற்காகச் சர்க்கரையில் மண்டையோடு செய்து, அதன் நெற்றியில் நண்பனின் பெயரை எழுதப் போகிறார்கள்? அவர்களும் அழுகிறார்கள். ஆனால் கல்லறைப் பக்கத்தில் குடும்பமாக உட்கார்ந்து, சாப்பிட்டபடியே பேசவும் செய்கிறார்கள்.

என் மேலும் தப்பு உண்டு. அத்தை எத்தனை நாளாகப் பயந்துகொண்டிருக்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை.

நாளைக் காலையில் பட்டறைக்குப் போகிறேன். மாமா சொல்ல வந்ததை, குறுக்கே பேசாமல், கடைசிவரை கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறேன். அவர் சம்மதித்தால் அத்தையிடமும் நானே வாசித்துக் காட்டுவேன். திட்டட்டும், அழட்டும். முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன்.