ஒரே தாயின் குஞ்சுகள்

எழுபதுகளில் மூதூர்ப் பக்கம் ஒரு சிறிய மீன்வளர்ப்பு நிலையத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். கெண்டைமீன் பெருக்கி, குஞ்சுகளை ஊராருக்குக் கொடுப்பது வேலை. இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை வேறு இடத்திலிருந்து புதுத் தாய்மீன் கொண்டுவந்து கலக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடப்பிறந்தவையே சோடி சேர்ந்து இனம் மெலிந்துவிடும். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் லொறியில் தண்ணீர்ப் பீப்பாக்களோடு நாள் முழுவதும் குலுங்கி வர யாருக்கு மனம் வரும்? அடுத்த முறை பார்ப்போம் என்று ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டேன். பச்சைச் சோம்பல், வேறொன்றுமில்லை.

கட்டைபறிச்சான் ஊருக்குப் போகும் வழியில் ஆடு வளர்க்கும் ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் ராத்தா, அதாவது அக்கா; எனக்கும். என் பேச்சை நம்பி, தனக்கிருந்த ஒரே வயலின் மூலையை வெட்டிக் குளமாக்கினார். குஞ்சு வாங்க வந்த அன்று தொட்டிக்குள் குனிந்து பார்த்தவர் கேட்டார்:

"தம்பி, இதெல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைகளா? நான் ரெண்டு வருசத்துக்கொருக்காக் கிடாய மாத்துவன். மாத்தாட்டிக் குட்டி நோஞ்சானாப் போயிரும். மீனுக்கு அப்படி இல்லையா?"

சுருக்கென்றது. ஆடு மேய்க்கிறவர் என் வேலையை எனக்கே சொல்லித்தருவதா என்று கோபமும் வந்தது.

"ஆடு வேற, மீன் வேற, ராத்தா. நாங்கள் படிச்சுப்போட்டுத்தான் செய்யிறம்."

நம்பிவிட்டார்.

குஞ்சுகளில் பாதி முதுகு கோணி வளர்ந்தன. மற்றவை விரல் நீளத்தோடு நின்றுவிட்டன. மாரிமழையோடு ஒரு நோய் வந்ததும் எல்லாம் ஒன்றாக மிதந்தன. ராத்தா நிலையத்துக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"நீங்க நல்ல குஞ்சுதான் தந்தீங்க, தம்பி. குளத்துக்கு எருவா ஆட்டுப்புழுக்கைய நான்தான் கூடப் போட்டுட்டன்போல. குறை நினையாதீங்க."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "ஓம் ராத்தா, இனிக் கொஞ்சம் கவனமாப் போடுங்க."

அந்த மாதமே லொறியில் ஏறிப்போய்ப் புதுத் தாய்மீன் கொண்டுவந்தேன். அவற்றின் முதல் குஞ்சுகளை ராத்தாவிடமே எடுத்துச் சென்றேன். குளம் இருந்த மூலையில் நெல் நின்றது.

"வேணாம் தம்பி, என்ட கை மீனுக்கு ராசியில்லாத கை. வேற ஆருக்காவது குடுங்க," என்றார்.

அப்போதும் உண்மையைச் சொல்லாமல் குஞ்சுகளோடு திரும்பி வந்தேன்.