கம்ப்யூட்டருக்குள் கிடந்த என் போன்

போன வருஷம், கண்டியில் தினமும் பின்னேரம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாதத்தில் இது நடந்தது. மஹய்யாவையில் எங்கள் வீட்டு வாசலில் மகளுடைய பள்ளிக்கூட உடுப்பைத் துவைத்துக்கொண்டிருந்தேன். குனிந்தபோது சட்டைப் பையில் இருந்த போன் நழுவி வாளிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். திரை கறுப்பாகவே இருந்தது.

கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. ஆட்களைப் பார்த்தால் வாய் வராது என்பதால் முதலாளி என்னைப் பின்னால் ஸ்டோரில் போட்டிருக்கிறார். துணியை மடிப்பேன், விலை ஒட்டுவேன். அது எனக்குச் சரி. மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். இங்கே நானும் மகளும்தான். மகள் தரம் ஆறு படிக்கிறாள்.

உலகத்திலேயே நான் வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் என் மனைவி. எழுத்தைத் தேடி அடிக்க எனக்கு நேரமாகும், அதனால் குரல் செய்திதான். ரொட்டிக்கு மாவு குழைக்கும்போது தேங்காய் முதலிலா, தண்ணீர் முதலிலா என்று கேட்பேன். மகளுக்கு ரெட்டைப் பின்னல் போட்டால் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே நிற்கிறது, என்ன செய்வது என்று கேட்பேன். நடு நடுவே ஒரு பாட்டும் பாடுவேன். என் குரல் நல்ல குரல் இல்லை. அவளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அவளுக்கு அந்த வீட்டில் போன் பேச அனுமதி இல்லை. உடுப்புக்குள் ஒளித்து ஒரு போன் வைத்திருக்கிறாள். வேலை முடிந்ததும் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாகப் பேசி அனுப்புவாள். சாப்பாடு சரியாகக் கொடுப்பதில்லை, மிஞ்சிய ரொட்டிதான் என்பதையும் அப்படித்தான் சொன்னாள். அழுதாலும் அப்படித்தான் அழுவாள். வீட்டுக்காரிக்குத் தெரிந்தால் போனைப் பறித்துவிடுவார்கள். பாஸ்போர்ட் ஏற்கெனவே அவர்கள் கையில்தான் இருக்கிறது. அந்த ஒரு போன்தான் அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த வழி.

அதனால்தான் போன் செத்ததும் துவைத்ததை அப்படியே வாசலில் போட்டுவிட்டேன். உடனே எங்கள் பக்கத்திலேயே இருக்கும் போன் கடைக்கு ஓடினேன். அந்தப் போனை வாங்கியதும் அங்கேதான். கடைக்காரன் நம்ம ஆள், என்னைவிட வயது குறைந்தவன், எப்போதும் சிரித்த முகம். கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"பார்ட் கொழும்புல இருந்து வரணும்ணே. கொஞ்ச நாளாகும்."

நான் அங்கேயே நின்றேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவனே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"அண்ணிகூடப் பேசணுமா? ஒக்காருங்க. கம்ப்யூட்டருக்குள்ள ஒங்களுக்கு ஒரு போன் போட்டுத் தாறேன்."

எமுலேட்டர் என்று அதற்குப் பெயர் சொன்னான். கம்ப்யூட்டர் திரை நடுவில் ஒரு போன் வந்து நின்றது. உண்மையான போன் மாதிரியே மேலே மணி, பக்கத்தில் சார்ஜ். சார்ஜ் மட்டும் குறையவே இல்லை. என் சிம்மைப் பழைய பட்டன் போன் ஒன்றில் போட்டுத் தந்தான். அதற்கு எஸ்.எம்.எஸ்ஸில் வந்த நம்பரைச் சொன்னேன், செய்தி அனுப்பும் ஆப் திறந்தது. "ஒங்க மெயில் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும்ணே, நான்தானே செஞ்சு குடுத்தேன்" என்று அவனே அதையும் அடித்தான். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இதே கதைதான். போன் வாங்கினால் மெயிலும் பாஸ்வேர்டும் கடைக்காரன் கையால்தான். எனக்கு அது தப்பாகவே படவில்லை. பழைய குரல் செய்திகள் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வந்து விழுந்தன. அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அவனைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

அதன் பிறகு தினமும் வேலை விட்டு கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேரே அந்தக் கடைதான். மூலையில் ஒரு கதிரையில் உட்காருவேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்கைக் கையால் பொத்திப் பேசுவேன். மனைவியின் போட்டோவை அவ்வளவு பெரிதாக நான் அதுவரை பார்த்ததில்லை. மணிக்கட்டில் அயர்ன் சுட்ட தழும்பு ஒன்று இருந்தது. சின்னப் போனில் அது தெரியவே இல்லை. பேசி முடித்ததும் கடைக்காரன் வந்து மேலே மூலையில் X மாதிரி இருந்த புள்ளடியை அழுத்துவான். போன் மறைந்துவிடும். கடைக் கதவைப் பூட்டியது மாதிரி எல்லாம் மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

ஒரு நாள் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும்போது, ஸ்டாண்டில் நின்ற திரீவீல்காரர் ஒருவர் கூப்பிட்டார்.

"என்னண்ணே, தேங்கா மொதல்லயா, தண்ணி மொதல்லயா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ரொட்டி சுடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே, எதையோ சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் நடக்க நடக்கத்தான் யோசித்தேன், அதை நான் கேட்டது மனைவியிடம் மட்டும்தான்.

இன்னொரு நாள் மகள் கூடவே இருந்தாள். "பாப்பாவுக்கு இன்னைக்கு ரெண்டு பக்கமும் சமமா நிக்குது போல!" என்றார் அதே மனுஷர். மகள் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அந்த மாமாவுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன். பின்னால் அவர் ஒரு பாட்டை வேறு முணுமுணுத்தார். அது நான் பாடியது.

அவமானமாக இருந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என்னை வைத்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். சின்ன வயதில் இருந்தே ஆட்கள் என்னைப் பார்த்துச் சிரித்துப் பழக்கம். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்துதான் வெளியே போயிருக்கிறது என்று புரிந்தது, ஆனால் கடைக்காரனிடம் போய்க் கேட்கவும் பயம். அவன் கோபித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் பேச விடாவிட்டால் என்ன செய்வது?

பிறகு ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஸ்டாண்டில் அந்தத் திரீவீல்காரரோடு இன்னும் இரண்டு மூன்று பேர். அதில் ஒருவர், வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். என் மனைவியை அனுப்பியதும் அவர்தான். திரீவீல்காரர் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, பெண் குரல் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணி பைப்பத் தொறந்துவிட்டுட்டுத்தான் பேசுமாமே? தண்ணி பில்லு யாருண்ணே கட்டுறது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஏஜென்சிக்காரரும் சிரித்தார். அவர் வாயில் இருந்து ஒரு வார்த்தை கொழும்புக்குப் போனால், அங்கிருந்து குவைத்துக்குப் போக எவ்வளவு நேரம்? போன் பறிபோகும். அவள் தனியாகிவிடுவாள்.

அப்போது எனக்குள் என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. கால் தானாகக் கடையை நோக்கி நடந்தது.

கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கெலிஓயாவில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண், சார்ஜர் வாங்க வந்த ஒரு பெரியவர், இன்னும் யாரோ. கடைக்காரன் வழக்கம்போல் சிரித்தான்.

"வாங்கண்ணே, ஒக்காருங்க."

"அத அழிங்க" என்றேன்.

"எதண்ணே?"

"என் போன."

"பார்ட் இன்னும் வரல்லண்ணே..."

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற போன!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் அந்தப் பார்வைக்கே ஓடியிருப்பேன்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஏன்ணே சத்தம் போடுறீங்க? சும்மா ஒரு பகிடிக்கு... பயலுக கேட்டானுங்க, போட்டுக் காட்டினேன். நீங்க நல்லாத்தானே பாடுறீங்க."

"நான் பாடினத கேட்டீங்க, சரி. என் பொஞ்சாதி அழுததையும் கேட்டீங்களா?"

அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான்.

"கேட்டீங்களா இல்லையா? இத்தன பேருக்கு முன்னால சொல்லுங்க. அவ பசிக்குதுன்னு அழுதா. அதப் போட்டுட்டு டீ குடிச்சீங்களா?"

அவன் மேசையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்தான், திரும்ப எடுத்தான். "ரிப்பேருக்கு வாறதுன்னா நாங்க எல்லாத்தையும் பேக்கப் எடுத்து வைக்கிறதுதான். கடைன்னா அப்படித்தான்" என்றான்.

அப்போதுதான் அந்த கெலிஓயாப் பெண் எழுந்தார். என் மனைவி வயதுதான் இருக்கும்.

"பொறுங்க. என்ட போனும் போன மாசம் இங்கதான் ஈந்திச்சி. அதுக்கும் பேக்கப் ஈக்குதா?"

அவன் வாய் திறப்பதற்குள் அவர் கவுண்டருக்கு மேலாகக் கையை நீட்டித் திரையைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். நானும் பார்த்தேன். அங்கே ஒரு போன் இல்லை. வரிசையாகச் சின்னச் சின்னப் போன்கள், ஒரு அலுமாரித் தட்டில் அடுக்கி வைத்தது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயர். ஒன்றுக்கு "கெலிஓயா" என்று போட்டிருந்தது. என்னுடையதற்கு என் பெயர் இல்லை. "பைப்" என்று போட்டிருந்தது.

"என்ட தங்கச்சிட கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான் ஈக்குது. அதுவும் ஒங்களுக்கு ரிப்பேருக்கா?" என்றார் அந்தப் பெண். "அழிங்க. எங்கட கண்ணுக்கு முன்னுக்கு அழிங்க."

"எல்லாத்தையும்" என்றேன் நான். "எங்க ரெண்டு பேரோடத மட்டும் இல்ல. எல்லாத்தையும்."

அவன் மழுப்பிப் பார்த்தான். கரண்ட் பிரச்சினை என்றான், நாளைக்கு வாருங்கள் என்றான். நான் கதவுக்கு நடுவில் நின்றேன். சார்ஜர் வாங்க வந்த பெரியவர் சார்ஜரை மேசையில் வைத்துவிட்டு, "இங்க ஒண்ணும் வேணாம்பா" என்று சொல்லி வெளியே போனார். அதன் பிறகுதான் அவன் ஒவ்வொன்றாக அழித்தான். ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் "நிச்சயமாகவா?" என்று கேட்டது. அவன் அழுத்தினான். கழற்றிப் போட்டிருந்த என் போனை ஒரு பையில் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். 

பஸ் ஹோல்ட்டில் அந்தப் பெண்ணும் வந்து நின்றார்.

"நாநா, மெயில் பாஸ்வேர்ட மாத்தினா? அவனுக்குத் தெரியும் எண்டா திரும்பவும் எடுத்துப் போடுவான்."

எனக்கு அதை எப்படிச் செய்வதென்று தெரியாது என்றேன். அவர் தன் போனைத் திறந்து, எங்கே எதை அழுத்த வேண்டும் என்று காட்டினார். என் பட்டன் போனுக்கு நம்பர் வந்தது. புது பாஸ்வேர்ட் கேட்கும் இடம் வந்ததும் போனை என் கையில் தந்தார்.

"நீங்களே அடிங்க. நான் பாக்கல்ல."

சொல்லிவிட்டு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்க வெகு நேரமானது. அவருடைய பஸ் வந்தது, போனது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

போலீசுக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். போனால் அவள் பேசியதை எல்லாம் அங்கே இருந்து திரும்பவும் சொல்ல வேண்டும், என் அரைகுறைச் சிங்களத்தில். போகவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து இருக்கிறது.

டவுனில் வேறு கடையில் போனைத் திருத்தினேன். நடந்ததை எல்லாம் மனைவிக்குச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இன்றும் சில நேரம் தோன்றும். ஆனால் அது அவளுடைய குரல். யார் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பல நாட்கள் பதில் இல்லை. ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டாரோ, போனைப் பறித்துவிட்டார்களோ என்று ஒவ்வொரு நாளும் செத்தேன். கடைசியில் ஒரு செய்தி வந்தது. குரல் இல்லை, எழுத்து. பிழை பிழையாக எழுதியிருந்தாள்.

"நீங்களா சத்தம் போட்டிங்க? நம்ப முடியல."

அதற்குக் கீழே இன்னொன்று.

"இனி எழுதியே அனுப்புறன். பேச வாய் வருதில்ல."

அன்றிலிருந்து அவள் எழுத்துத்தான் வருகிறது. அம்மா ஏன் பேசுவதில்லை என்று மகள் கேட்கிறாள். அம்மாவுக்கு வேலை அதிகம் என்கிறேன். நான் மட்டும் இப்போதும் பேசித்தான் அனுப்புகிறேன். பாடவும் செய்கிறேன்.

அந்தக் கடை இன்னும் இருக்கிறது. அவன் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறான். திரீவீல்காரர் ஒரு நாள், "அண்ணே, மனசுல வைக்காதீங்க, சும்மா பகிடிக்குத்தானே" என்றார். நான் நிற்காமல் நடந்தேன். அந்தக் கடையில் எத்தனை பேர் நின்று கேட்டிருப்பார்கள்? அதில் ஒருவர்கூட, இது அடுத்தவன் வீட்டுப் பேச்சு, நிறுத்து என்று சொல்லவில்லை. கெலிஓயாவில் இருந்து வந்த யாரோ ஒருவருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியவில்லை.

குவைத்தில் ஒரு வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று அவள் குழாயைத் திறந்துவிட்டாள், இங்கே மஹய்யாவையே நின்று கேட்டது. இன்றைக்கும் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் முதலில் அவள் குரல் ஞாபகம் வரும், அடுத்து அந்தக் கோபம் வரும், அந்தக் கோபத்தை விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை, அவள் திரும்பவும் வாய் திறந்து பேசுகிற வரைக்கும்.